இஸ்தோப்பு நடை

அட்டை கடித்த புண்ணில்தான் எல்லாம் தொடங்கியது. சேரம்பாடிப் பக்கம் மழைக்காலத்தில் அட்டை கடிக்காத கால் கிடையாது. கடித்த இடத்தில் உப்பை வைத்து உதறிவிட்டு, கொஞ்ச நேரம் ரத்தம் வடிவதைப் பார்த்துவிட்டு, அவரவர் வேலைக்குப் போய்விடுவோம். அந்த வருஷம் எனக்குக் கணுக்காலுக்கு மேலே கடித்த இடம் ஆறவில்லை. சுற்றிலும் தோல் கறுத்து, நடுவில் ஈரம் காயாமலே இருந்தது. மஞ்சள் வைத்தேன், தேங்காயெண்ணெய் வைத்தேன், எஸ்டேட் டிஸ்பென்சரியில் கொடுத்த களிம்பையும் தடவினேன். மழை விட்டு வெயில் வந்த பிறகும் புண் அப்படியே இருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு நாள் லீவு போட்டு என்னைக் கூடலூருக்கு அழைத்துப் போனார்.

அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. சமவெளியிலிருந்து புதிதாக வந்தவர் என்பது அவர் போட்டிருந்த தடித்த ஸ்வெட்டரிலேயே தெரிந்தது.

"சுகர் நல்லா ஏறியிருக்கும்மா. அதனாலதான் புண்ணு ஆறல. என்ன வேலை பாக்கறீங்க?"

"தையல்ங்க. ஊட்லயே மிஷின் போட்டிருக்கேன்."

"நாள் முழுக்க உக்காந்தே இருப்பீங்களா?"

"உக்காந்தாத்தான தைக்க முடியுங்க."

அவர் சிரித்தார். மாத்திரை எழுதிக்கொண்டே சொன்னார். "மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும். காலையில எந்திரிச்சு முக்கா மணி நேரம் வேகமா நடங்க. மனசையும் லேசா வச்சுக்கங்க. நீலகிரில இருக்கீங்க. இந்தக் காத்துக்கும் இந்தப் பச்சைக்கும் எங்கிருந்தெல்லாமோ ஆளுங்க வர்றாங்க. உங்களுக்கு வாசல்லயே இருக்கு."

நானும் சரிங்க என்று தலையாட்டினேன். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தேயிலைச் சரிவுகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். உண்மையிலேயே எனக்கு அன்றைக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. மிஷினை விட்டு எழுந்து வெளியே போக, யாரும் மறுக்க முடியாத ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குக் காரணமில்லாமல் வெளியே போன நினைவு இல்லை. கடைக்குப் போவேன், ரேஷனுக்குப் போவேன், தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்கப் போவேன். சும்மா கையை வீசிக்கொண்டு ரோட்டில் நடந்தது அந்த முதல் வாரத்தில்தான். எங்கள் லைன் வீடுகளிலிருந்து தேயிலை ஃபேக்டரிக்குப் போகிற தார் ரோடு. இரண்டு பக்கமும் கொழுந்துச் செடி. பனி படிந்த இலையில் வெளிச்சம் விழுகிற நேரம். தையல் மிஷின் முன்னால் குனிந்தே இருந்த முதுகு நாலாம் நாளில் கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது. வழியில் பார்த்தவர்கள் "எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டார்கள். "சும்மா நடக்கறேன்" என்று சொல்ல வெட்கமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் பக்கத்து எஸ்டேட்டில் விடியற்காலையில் பால் ஊற்றப் போன ஒருவரை யானை அடித்துவிட்டது. எனக்கு அவரைத் தெரியாது. அவர் மனைவிக்கு ஒரு தடவை புடவைக்கு ஃபால்ஸ் வைத்துக் கொடுத்திருக்கிறேன். அவர் விழுந்து கிடந்த இடமும் ஒரு தார் ரோடுதான். அந்த நேரமும் நான் நடக்கிற நேரம்தான்.

வனத்துறை ஜீப் லைன் லைனாக வந்து மைக்கில் சொல்லிவிட்டுப் போனது. வெயில் ஏறும் முன்னே யாரும் வெளியே வர வேண்டாம். மாலை இருட்டும் முன்னே வீட்டுக்குள் போய்விட வேண்டும். ஒற்றைக் கொம்பன் ஒன்று இந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கிறது.

என் வீட்டுக்காரர் அன்று ஃபேக்டரியிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமலே சொன்னார். "இனி ரோட்டுக்குப் போற வேலையெல்லாம் வேணாம்."

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காங்களே."

"ஊட்டுக்குள்ள நட. நடக்கறதுக்கு ஊடு பத்தாதா?"

அவர் கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில்தான் சொன்னார். அதனால் மறுநாள் நான் ரோட்டுக்குப் போகவில்லை.

நடுப்பகலில் நடக்கலாமே என்று கேட்பீர்கள். நடுப்பகலில்தான் எனக்கு வேலை. தைக்கக் கொடுத்தவர்கள் வந்து நிற்பார்கள். மதியம் அவர் சாப்பிட வருவார். கரண்ட் இருக்கும்போதே தையல் மிஷின் மோட்டாரை ஓட்டி முடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் பகலில் காலியாக இருந்தது இரண்டு ஓரங்கள் மட்டும்தான். அந்த இரண்டையும் யானை எடுத்துக்கொண்டது.

வீட்டுக்குள் நடந்து பார்த்தேன். லைன் வீடு என்றால் முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அடுப்படி. முன்னறையில் கட்டில், டிவி, என் மிஷின், தைக்க வந்த துணி மூட்டைகள். கதவிலிருந்து கிளம்பினால் மிஷினைச் சுற்ற வேண்டும், பிறகு கட்டில் மூலையில் முட்டி இடிக்காமல் ஒதுங்க வேண்டும், அடுப்படி வாசலில் குனிய வேண்டும், சிலிண்டருக்கு முன்னால் திரும்ப வேண்டும். வேகமாக நடப்பதற்குள் திரும்புகிற இடம் வந்துவிடும். அவர் வீட்டில் இருக்கிற நேரமானால், போகும்போது ஒரு தடவை வரும்போது ஒரு தடவை டிவியை மறைப்பேன்.

"ஒரு இடத்துல இரேன். கண்ணு வலிக்குது" என்றார் ஒருநாள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் என் மகளிடம் போனில் இதைச் சொல்லிச் சிரித்தேன். சிரிப்பாகத்தான் சொன்னேன். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். அன்று மாலையே ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். மனசை அமைதியாக வைத்துக்கொண்டு நடப்பது எப்படி என்று ஒரு பெண் கடற்கரையில் நின்று சொல்லிக்கொடுக்கிறாள். கண்களை மெதுவாக மூடுங்கள். மூச்சு உள்ளே வருவதைக் கவனியுங்கள், வெளியே போவதைக் கவனியுங்கள். பாதம் தரையைத் தொடுவதை உணருங்கள். வேறெங்கும் போக வேண்டாம், இங்கேயே இருங்கள்.

"தெனமும் கேளும்மா. டென்ஷன் கொறைஞ்சா சுகரும் கொறையும்" என்றாள்.

கேட்டேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. கண்ணை மூடி நடந்து ஒருநாள் இஸ்திரிப் பெட்டியில் கால் விரலை இடித்துக்கொண்டேன். இங்கேயே இருங்கள் என்று அந்தப் பெண் சொல்லும்போதெல்லாம் நான் எங்கேயும் போய்விடவில்லையே என்று அவளிடம் சொல்ல வேண்டும் போலிருக்கும்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழை ஊட்டி மழை மாதிரி இல்லை. தொடங்கினால் ஓடு நனைந்து சுவர் நனைந்து பெட்டிக்குள் மடித்து வைத்த துணி வரைக்கும் நனைந்துவிடும். மேகம் கதவு வழியாக உள்ளே வந்து அடுப்படி வழியாக வெளியே போகும். பகலிலேயே விளக்குப் போட்டுத் தைப்பேன், கரண்ட் போனால் மிஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்போதுதான் இஸ்தோப்பில் நடக்கலாம் என்று தோன்றியது.

இஸ்தோப்பு என்றால் லைனில் எல்லா வீட்டுக்கும் முன்னால் பொதுவாக ஓடுகிற நீளமான தாழ்வாரம். இலங்கையிலிருந்து வந்த என் அம்மா அப்படித்தான் சொல்வார். எங்கள் லைனில் இன்றைக்கும் அதுதான் பேர். எங்கள் வீடு ஒரு கோடியில். அங்கிருந்து மறுகோடி வரைக்கும் கூரைக்குக் கீழே, மழை படாமல், தடங்கல் இல்லாமல் நடக்கலாம். அரைச்சுவர் ஒன்று முன்னால் ஓடும். அதற்கு அந்தப் பக்கம் முற்றம், துணி துவைக்கிற கல், அப்புறம் கொழுந்துக் காடு.

ஆனால் மறுகோடி வீட்டு அக்காவோடு நான் பேசுவதில்லை.

அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம். எங்கள் பக்கம் சக்கை மரம் என்போம். மழை தொடங்கும்போது பழம் பழுத்து, வாசனை லைன் முழுக்க அடிக்கும். அந்த வாசனைக்குத்தான் யானை வரும். சில வருஷங்களுக்கு முன்னால் அப்படி வந்த ஒரு யானை, பழத்தைத் தின்றுவிட்டுப் போகிற போக்கில் எங்கள் அடுப்படிச் சுவரைத் தள்ளிவிட்டுப் போனது. அரிசியும் உப்பும் சேறும் ஒன்றாகக் கிடந்தன. நாங்கள் முன்னறையில் கட்டிலுக்கு அடியில் கிடந்தோம். அதற்குப் பிறகு லைனில் எல்லோரும் அந்த மரத்தை வெட்டச் சொன்னார்கள். அவர் முடியாது என்றார். குழாயடியில் வைத்து நான் கேட்டேன்.

"யாருக்கோ உசுரு போனாத்தான் வெட்டுவீங்களா அக்கா?"

"என் ஊட்டுக்காரரு வச்ச மரம். அதுல கை வைக்கிறவங்க மொதல்ல என்னைய வெட்டட்டும்."

பேச்சு வளர்ந்தது. இரண்டு பேரும் குரலை உயர்த்தினோம். அன்றோடு நின்றது. அவர் என் வீட்டு வழியே போவதில்லை. தைக்கிற துணியைக்கூடப் பந்தலூருக்குக் கொடுத்தனுப்பினார் என்று கேள்விப்பட்டேன்.

ஆகவே நான் இஸ்தோப்பில் நடக்கத் தொடங்கியபோது அவர் வீட்டுக்கு முந்தின வீட்டு வாசலிலேயே திரும்பிவிடுவேன். அந்த வாசல் வந்ததும் என் கால்கள் தாமாகவே திரும்பும். மழை விடாத நாட்களில் அவர் கதவோரம் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். முழங்கால் தேய்ந்து, கொழுந்து பறிக்க மலைக்குப் போவதை நிறுத்தியவர். மகனும் மருமகளும் எஸ்டேட்டில் வேலை செய்கிறார்கள். நான் வருவதையும் திரும்புவதையும் பார்ப்பார். நான் பார்க்கவில்லை என்று காட்டிக்கொண்டே பார்ப்பேன். ரோடு போய் வீடாகி, வீடு போய் தாழ்வாரமாகி, தாழ்வாரத்திலும் ஒரு துண்டு எனக்கில்லை என்று ஆகிவிட்டதே என்று சில நாள் ஆத்திரமாக வரும். சில நாள் எதுவுமே தோன்றாது. வெறுமனே போய் வந்துகொண்டிருப்பேன், கூண்டில் போட்டது போல.

அந்தக் காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. மலைக்குப் போகிறவர்கள் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் காலை ஷிப்டுக்குக் கிளம்பியாயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இட்லிப் பானையை அடுப்பில் வைக்கும் முன்னே கொஞ்சம் நடந்துவிடலாம் என்று இஸ்தோப்புக்கு வந்தேன். முற்றத்தில் மேகம் நின்றது. துவைக்கிற கல்கூட மங்கலாகத்தான் தெரிந்தது.

மறுபக்கம் போய்த் திரும்பப் போகும்போது என் வீட்டுப் பக்கம் ஏதோ அசைந்தது. முதலில் மேகம்தான் திரள்கிறது என்று நினைத்தேன். பிறகு காது தெரிந்தது. எங்கள் வாசலுக்கு நேரே, அரைச்சுவருக்கு அந்தப் பக்கம், சத்தமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. ஒற்றைக் கொம்பு. அவ்வளவு பெரிய உடம்பு எப்படி ஒரு இலை நசுங்கும் சத்தம்கூட இல்லாமல் வந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

எனக்குக் கால் வரவில்லை. கத்தவும் வரவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தது. நான் பின்பக்கமாகவே பக்கத்து வாசலைத் தாண்டி உள்ளே விழுந்தேன். கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் சத்தம் கேட்காமலிருக்க அதைச் சேலையில் சுற்றிப் போட்டார்.

"சத்தம் போடாத. உக்காரு" என்றார் அந்த அக்கா.

ஜன்னல் அடைத்திருந்தது. உள்ளே இருட்டு. தரையில் சுவரோடு சாய்ந்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். என் போன் என் வீட்டில் மிஷின் மேல் இருந்தது. அவரிடம் போன் இல்லை. மகன்தான் வைத்திருப்பான். ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீரைத் தவிர எதுவும் கேட்கவில்லை. பிறகு சுவருக்கு வெளியே ஏதோ உரசிக்கொண்டு போகும் சத்தம். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போகிறது. ஒரு கிளை முறிந்தது. தொப்பென்று பழம் விழுந்தது. பிறகு மெல்லுகிற சத்தம். சக்கைப் பழ வாசனை ஓட்டு இடுக்கு வழியே இறங்கி அறை முழுக்க நிறைந்தது.

"தின்னுட்டுப் போயிரும்" என்றார் மெதுவாக.

"அதுக்குத் தின்னக் குடுக்கத்தான வளக்கறீங்க" என்றேன்.

இருட்டில் அவர் முகம் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ. போய்விடும் என்று நினைக்கும்போதெல்லாம் இன்னொரு பழம் விழும். என் கை நடுங்கத் தொடங்கியது. பயந்துவிட்டேன் என்று நினைத்தேன். யார்தான் பயப்பட மாட்டார்கள்? முந்தானையால் நெற்றியைத் துடைத்தால் குளித்த மாதிரி ஈரம். அந்தக் குளிரில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. மகள் அனுப்பிய வீடியோ ஞாபகம் வந்தது. வேறென்ன தெரியும் எனக்கு? கண்ணை மூடினேன். மூச்சு உள்ளே வருகிறது. மூச்சு வெளியே போகிறது. கவனித்தேன். மூச்சு ஒழுங்காகத்தான் வந்து போனது. நடுக்கம் நிற்கவில்லை. உதடு மரத்தது. கண்ணைத் திறந்தால் கதவடி வெளிச்சம் இரண்டாகத் தெரிந்தது. கூடவே காரணமில்லாத ஒரு கோபம் தலைக்கு ஏறியது. இந்த மரத்தின் மேல், இந்த அக்காவின் மேல், ஸ்வெட்டர் போட்ட டாக்டரம்மாவின் மேல், கடற்கரையில் நின்ற பெண்ணின் மேல்.

அப்போதுதான் கூடலூரில் மாத்திரை கொடுக்கும்போது நர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கக் கூடாது. கை நடுங்கும், வேர்க்கும், மயக்கம் வரும். உடனே இனிப்பாக ஏதாவது வாயில் போடுங்கள், விட்டுவிட்டால் ஆபத்து.

என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்றும் தெரிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். அவர் வீட்டில் சீனி இல்லாமலா இருக்கும்? கேட்க வேண்டியதுதான். வாய் வரவில்லை. இப்போது நினைத்தால் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. வெளியே நிற்கிற யானையைவிட அந்த ஒரு வார்த்தை எனக்குப் பெரிதாக இருந்தது. கேட்காமலே சமாளித்துவிடலாம், இதோ போய்விடும், என் வீட்டுக்கே போய் என் சீனியையே தின்று கொள்ளலாம் என்று கொஞ்ச நேரம் ஓட்டினேன். தலை தானாகச் சரிந்து அவர் தோளில் இடித்தது.

"என்னா புள்ள?"

"அக்கா, சீனி இருக்கா?"

"இந்நேரத்துல என்னாத்துக்குச் சீனி?"

"சுகர் மாத்திர போட்டுட்டேன். ஒண்ணும் சாப்பிடல. மயக்கமா வருது."

அவர் என் கையைத் தொட்டுப் பார்த்தார். தொட்டதும் எழுந்துவிட்டார். முழங்கால் மடங்காதவர், சுவரைப் பிடித்து எழும்போது வலியில் பல்லைக் கடித்தது கேட்டது. சீனி அடுப்படியில் இருந்தது. அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் யானை மென்றுகொண்டிருந்தது. சுவர் என்றால் ஒற்றைக்கல் சுவர், அதற்கு மேல் தகரம். அந்தச் சுவரின் பலம் என்னவென்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

"வேணாங்க்கா. போகாதீங்க" என்றேன். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை.

அவர் போனார். இருட்டில் அவர் பாதம் தரையில் தேய்கிற சத்தம் மட்டும். வெளியே மெல்லும் சத்தம் நின்றது. அவரும் நின்றார். அது மறுபடி மெல்லத் தொடங்கும் வரை அவர் அசையவில்லை. பிறகு ஒரு பால்பவுடர் டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அந்த டின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பித்தான் திறக்க வேண்டும், திறந்தால் டப்பென்று சத்தம் வரும். கட்டிலில் கிடந்த கம்பளியை இழுத்துத் தன் தலை மேலும் என் தலை மேலும் போட்டுக்கொண்டார். அதற்குள் வைத்துத் திறந்தார். சத்தம் கம்பளிக்குள்ளேயே அமுங்கிப்போனது.

என் கையில் கொட்டினார். கை ஆடியதில் பாதி மடியில் சிந்தியது. பிறகு அவரே அள்ளி என் வாயில் போட்டார். மறுபடி போட்டார். குழந்தைக்குப் போடுவது மாதிரி, விரலை உதட்டில் அழுத்தி. சீனி கரைவதற்குக்கூட எச்சில் ஊறவில்லை. தண்ணீர்ச் சொம்பை வாயில் வைத்துச் சாய்த்தார்.

"முழுங்கு. முழுங்கு புள்ள. நான் இருக்கேன்ல."

கம்பளிக்குள் புகை வாசனையும் மருந்தெண்ணெய் வாசனையும் அடித்தது. அதற்குள்ளேயே இருந்தோம். வேர்வை மெதுவாக அடங்கியது. கம்பளியை விலக்கிப் பார்த்தபோது கதவடி வெளிச்சம் ஒன்றாகியிருந்தது. அவர் என் மணிக்கட்டை விடவே இல்லை.

அதன் பிறகுதான் அது முன்பக்கம் வந்தது. இஸ்தோப்பின் அரைச்சுவர் ஓரமாக வந்து கதவுக்கு நேரே நின்றது. கதவுக்குக் கீழே தெரிந்த வெளிச்சம் மறைந்தது. அது மூச்சு விடுவது எங்களுக்குக் கேட்டது. அந்த மூச்சை நான் கவனித்த மாதிரி என் மூச்சை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. அது உள்ளே இழுத்தால் நாங்கள் நிறுத்தினோம். அது விட்டால் நாங்களும் விட்டோம்.

கீழே ரோட்டிலிருந்து ஜீப் ஹாரன் கேட்டது. ஃபேக்டரிப் பக்கமிருந்து யாரோ பார்த்துத் தகவல் சொல்லியிருக்கிறார்கள். வனத்துறை வாட்சர்கள் பட்டாசு போட்டார்கள். கதவடியில் வெளிச்சம் திரும்ப வந்தது. கொழுந்துச் செடிகளை உடைத்துக்கொண்டு அது சரிவில் இறங்கிப் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். போன பிறகும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அக்காதான் முதலில் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தார். ரவையை வறுத்து உப்புமா கிண்டி என் முன்னால் தட்டை வைத்தார். நான் சாப்பிடுகிறவரை எதிரிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒனக்குச் சுகர் இருக்கா?"

"போன மழை விட்டப்புறம் கண்டுபுடிச்சாங்க."

"அதுக்குத்தான் குறுக்க நெடுக்க நடந்தியா? நான் வேற மாதிரி நெனச்சேன்."

"என்னா நெனச்சீங்க?"

"என்னைய வேவு பாக்கறியோன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. பின்பக்கக் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவரு வச்ச மரம்னு சொல்லித்தான் நான் எல்லாரையும் அடக்குனேன். நெசம் அது இல்ல. மழையில வேலை இல்லாத நாள்ல எங்க ஊட்டுல அந்தச் சக்கையும் கொட்டையுந்தான் சோறு. ரொம்ப வருஷம் அப்படித்தான் ஓடுச்சு. அத குழாயடியில நின்னு எப்படிச் சொல்றது?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். எங்கள் அடுப்படிச் சுவர் விழுந்த அன்று சேறோடு கிடந்த அரிசி என் கண்ணில் வந்து போனது. அவர் சொன்னது சரியா, நான் கேட்டது தப்பா என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. இரண்டு வீட்டுக்கும் பிரச்சினை சோறுதான்.

அன்று மாலை என் வீட்டுக்காரர் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து போய் அக்காவின் மகனோடு இருட்டும் வரை நின்று பேசினார். அடுத்த வருஷம் பழுக்கும் முன்னாலேயே காயைப் பிஞ்சிலேயே இறக்கிவிடுவது என்று முடிவாயிற்று. சொன்னபடியே லைன் ஆட்களே ஏறிப் பறித்தார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பிஞ்சுச் சக்கை குவிந்தது. ஒரு வாரம் எங்கள் லைன் முழுக்க ஒரே பொரியல்தான். யானை அதற்குப் பிறகு வராமல் இல்லை. வருகிறது. ஆனால் நின்று தின்பதில்லை, கடந்து போய்விடுகிறது.

கூடலூர் நர்ஸிடம் நடந்ததைச் சொன்னபோது திட்டினார். மாத்திரையைச் சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் போட வேண்டும், நடப்பதெல்லாம் சாப்பிட்ட பிறகுதான் என்று சொல்லி அனுப்பினார். புண் ஆறிவிட்டது. கறுப்பாக ஒரு தடம் மட்டும் இருக்கிறது. சுகர் வெயில் காலத்தில் கொஞ்சம் இறங்குகிறது, மழையில் ஏறுகிறது. மகள் திருப்பூருக்கே வந்துவிடச் சொல்கிறாள். ஒரு தடவை போய் இருந்தேன். அவள் குடியிருக்கும் தெருவில் லாரிகளுக்கு நடுவே நடக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மாடியில் ஒற்றை அறை. அங்கேயும் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தேன். யானை இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

வீடியோவை இப்போது கேட்பதில்லை. அந்தப் பெண் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவள் சொன்னது பொய்யும் இல்லை. ஆனால் இங்கேயே இருங்கள் என்பதை ஒருத்தர் சந்தோஷமாகக் கேட்க வேண்டுமானால், வேறெங்காவது போகவும் அவருக்கு வழி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இஸ்தோப்பில் இப்போது கோடியிலிருந்து கோடி வரைக்கும் நடக்கிறேன். சில நாள் அக்காவும் எழுந்து வருவார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்வார். இன்னொரு கை என் தோளில் இருக்கும். அவர் வேகத்துக்கு நடந்தால் எனக்கு வேர்க்காது, உடம்புக்குப் பிரயோஜனம் இல்லை. ஆனாலும் நடக்கிறேன். நாங்கள் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. முழங்கால் எப்படி, தூக்கம் வந்ததா, மருமகள் என்ன சமைத்தாள், அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு மாலை அப்படி நடந்துகொண்டிருந்தபோது கீழே ரோட்டில் ஜீப் வந்து மைக்கில் சொன்னார்கள். மேகம் மூடியிருந்ததால் ஜீப் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. எல்லோரும் உள்ளே போங்கள், கதவைச் சாத்துங்கள்.

"இன்னொரு நடை போயிட்டு வருவமா?" என்றார் அக்கா.

நான் முற்றத்தைப் பார்த்தேன். துவைக்கிற கல்லுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. "வேணாங்க்கா" என்றேன். அவரை அவர் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். அவர் தாழ்ப்பாள் போடுவதைக் கேட்ட பிறகு சுவரோரமாகவே வேகமாக என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே நல்ல இருட்டு. விளக்கைப் போட்டுவிட்டு, இரவுக்கு அரிசி களையப் போனேன்.